பெயர் சொல்லாமல் சிற்றிதழில் கதை வெளியிட

பெயரை மறைத்துச் சிறுகதை வெளியிட விரும்புபவர் யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். முகம் தெரியாத வாசகரிடமிருந்து என்றால் ஒரு புனைபெயரே போதும்; வீட்டாரும் உடன் வேலை செய்பவர்களும் அறியக் கூடாது என்றால் வேலை சற்றுக் கூடுதல்.

இதழாசிரியர் ஒருவரிடம் மட்டும் உண்மைப் பெயரைச் சொல்லிவிடுவதே நல்லது என்பேன். ஒப்பந்தம், சன்மானம், இதழ்ப் பிரதி ஆகியவை ஏதோவொரு பெயருக்கும் முகவரிக்கும்தான் வந்து சேர வேண்டும். அச்சிலும் இணையத்திலும் பின்னாளில் வரக்கூடிய தொகுப்பிலும் புனைபெயர் மட்டுமே இடம்பெறும் என்பதை அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டை விடுவது கோப்பில்தான். முதல் பக்கத்தில் பெயரை அழித்திருப்பார்கள். ஆனால் வேர்டு கோப்பின் பண்புகளில், அதை உருவாக்கியவர் பெயரும் கடைசியாகத் திருத்தியவர் பெயரும் அப்படியே இருக்கும். நண்பரிடம் படிக்கக் கொடுத்துத் திரும்பிய பிரதி என்றால், “இந்த இடம் உன் மாமா கதைதானே?” என்று அவர் ஓரத்தில் எழுதிய குறிப்பும் அவருடைய பெயரோடு சேர்ந்தே போகும். பிடிஎஃப் ஆக மாற்றினாலும் ஆசிரியர் பெயர் ஒட்டிக்கொண்டு போவதுண்டு. எனவே வேர்டிலுள்ள ஆவணச் சோதனை (Document Inspector) வசதியால் இவற்றை நீக்கி, அனுப்பும் முன் பண்புகளை மறுபடி திறந்து பாருங்கள். மின்னஞ்சலில் அனுப்புநர் பெயராக எது தெரிகிறது என்பதையும், உங்களுக்கே ஒரு கடிதம் அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கதைக்குள்ளும் தடயங்கள் உண்டு. குடும்பத்தில் பத்து முறை சொல்லிச் சிரித்த சம்பவத்தை அப்படியே எழுதினால், எந்தப் புனைபெயரும் உங்களைக் காப்பாற்றாது. வாய் காப்பதோ இதைவிடக் கடினம். ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் எழுதியவர் ஹாரி பாட்டர் கதைகளின் ஆசிரியர் ஜே. கே. ரௌலிங் என்பது 2013இல் வெளிவந்ததற்குக் காரணம், வழக்கறிஞர் ஒருவர் தம் மனைவியின் தோழியிடம் அதைச் சொல்லிவிட்டதுதான்.

புனைபெயரில் எழுதுவதால் பதிப்புரிமை போய்விடாது. எழுதியவர் யாரென்று தெரியாத படைப்புக்கு, வெளியான நாளிலிருந்து குறைந்தது 50 ஆண்டுப் பாதுகாப்பைப் பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை தருகிறது. அதற்குள் எழுத்தாளர் தம்மை வெளிப்படுத்திக்கொண்டால், அவருடைய ஆயுளோடு மேலும் 50 ஆண்டுகள் என்ற பொதுக் கணக்குக்கு அது மாறிவிடும். கதை உங்களுடையதுதான் என்று அன்றைக்கு நிறுவ வேண்டியிருக்கும் என்பதால், தேதியிட்ட கைப்பிரதிகளையும் ஆசிரியருடன் நடந்த கடிதப் போக்குவரத்தையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.