முலாம் பூசிய குண்டுகளை மலிவாக வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வைத்திருந்து வாரந்தோறும் பயிற்சிக்குச் செல்பவர்கள் பலர், சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளை மறுபடி நிரப்பும் ரீலோடிங்கை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால் அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்கு என்றால் தேவை. இந்தியாவில் உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதால், இந்தக் குறிப்பு அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது.

பித்தளைக் கூடு பலமுறை பயன்படும். குழலிலிருந்து பாயும் முனையான குண்டு, அதைத் தள்ளும் வெடிமருந்தான பவுடர், அந்த மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் ஆகிய மூன்றும் ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டும். இவற்றில் செலவின் பெரும்பங்கு பொதுவாகக் குண்டுக்கே போவதால், சிக்கனத்தையும் அங்கேயே தேட வேண்டியிருக்கிறது. ஜாக்கெட் குண்டில் தடித்த செம்புக் கலவைத் தகடு ஈயத்தின் மேல் அழுத்திப் பொருத்தப்படுகிறது. முலாம் குண்டிலோ மென்மையான ஈய உருளையின் மேல் மின்முலாம் முறையில் செம்பு படிய வைக்கப்படுகிறது. விலை குறைவதற்கும் வேகத்துக்கு வரம்பு வருவதற்கும் அந்த மெல்லிய படிவமே காரணம். அதே சமயம் அது குண்டின் அடிப்பகுதியையும் சேர்த்து மூடிவிடுவதால், அடியில் ஈயம் திறந்திருக்கும் சாதாரண ஜாக்கெட் குண்டைவிட உள்ளரங்கக் களத்தில் ஈயப் புகை குறைகிறது. உள்ளரங்கத்தில் அடிக்கடி சுடுபவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே முலாம் குண்டை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

முதலில் உங்கள் தோட்டாவின் வேகத்தைப் பாருங்கள். யூட்டா மாநிலத்தின் பெர்ரிஸ் நிறுவனம் தன் சாதாரண முலாம் குண்டுகளுக்கு வினாடிக்கு 1,250 அடியையும், தடித்த முலாம் உள்ளவற்றுக்கு 1,500 அடியையும் வரம்பாகச் சொல்கிறது. 9 மி.மீ., .38 ஸ்பெஷல், .45 ஏசிபி ஆகியவற்றின் பயிற்சித் தோட்டாக்கள் சாதாரண முலாமின் வரம்புக்குள் வசதியாக அடங்கும். .357 மேக்னம் முழு வேகத்துக்கு இது பொருந்தாது. அங்கே ஜாக்கெட் குண்டுக்குச் செலவழிப்பதே சரி.

அடுத்து விட்டத்தைப் பாருங்கள். 9 மி.மீ. ஜாக்கெட் குண்டு வழக்கமாக .355 அங்குலம், முலாம் குண்டு பெரும்பாலும் .356 அங்குலம்; .45இல் அதே வரிசையில் .451, .452. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வேறுபாடு என்றாலும், ஜாக்கெட் குண்டுக்குப் பழகிய அமைப்பில் கூட்டின் வாயைச் சற்றுக் கூடுதலாக விரிக்காவிட்டால் விளிம்பு முலாமைச் சுரண்டிவிடும்.

எடையைத் தேவை தீர்மானிக்கட்டும். யூஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கிச் சுடுதல் சங்கத்தின் போட்டிகளில், விசை குறைந்த தோட்டாக்களுக்கான மைனர் பிரிவில் குண்டின் எடையை (கிரெயின் என்ற சிறிய அலகில்) வினாடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். 115 கிரெயின் குண்டு அதற்கு ஏறத்தாழ 1,090 அடி வேகத்தில் போக வேண்டியிருக்க, 147 கிரெயினுக்குச் சுமார் 850 அடியே போதும். வேகம் குறைந்தால் முலாமுக்கும் நல்லது. ஆனால் எடை கூடினால் ஈயமும் விலையும் கூடும் என்பதால், போட்டி நோக்கம் இல்லாதவருக்கு 115 அல்லது 124 கிரெயினே சிக்கனமானது. ஆயிரம் 124 கிரெயின் குண்டுகள் சுமார் 8 கிலோ இருக்கும். ஆகவே பெட்டியின் மேல் போட்ட விலையை நம்பாமல், அனுப்பும் செலவையும் வரியையும் சேர்த்து ஒரு குண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பாருங்கள். பவுடருக்கும் பிரைமருக்கும் விதிக்கப்படும் அபாயப் பொருள் கட்டணம் குண்டுகளுக்கு இல்லை.

மொத்தமாக வாங்கும் முன் சிறிய பெட்டி ஒன்றை வரவழைத்து, அதில் இருபது குண்டுகளை எடை போட்டு, மைக்ரோமீட்டரால் விட்டம் அளந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முலாமில் கொப்புளமோ உரிந்த இடமோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். பிறகு பிரைமரும் பவுடரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்து, இழுப்பான் சுத்தியால் குண்டைத் தட்டி வெளியே எடுங்கள். நான் முதன்முறை அப்படி எடுத்தபோது, குண்டின் இடுப்பில் மயிரிழை போல ஒரு சாம்பல் நிற வளையம் தெரிந்தது. கிரிம்ப், அதாவது கூட்டின் வாயைக் குண்டின் மேல் இறுக்குவது, அதிகமாகிச் செம்பை வெட்டி, உள்ளிருந்த ஈயத்தைக் காட்டிய கோடு அது. அப்படி வெட்டுப்பட்ட முலாம் சுடும்போது ஈயத்திலிருந்து பிரிந்து குழலுக்குள்ளேயே தங்கிவிடக்கூடும். அடுத்த தோட்டா அதன் மேல் மோதினால் ஆபத்து. கூட்டின் வாயில் செய்த விரிவை மட்டும் நேராக்கும் அளவுக்கு டேப்பர் கிரிம்ப் போதும். மங்கலான தடம் இருக்கலாம், வெட்டு இருக்கக் கூடாது.

பவுடர் அளவை ஊகிக்காதீர்கள். அதே எடையும் வடிவமும் கொண்ட ஜாக்கெட் குண்டுக்கு அச்சிட்ட கையேடு தரும் அளவுகளில் கீழ்மட்டத்திலிருந்து நடுமட்டம் வரை பின்பற்றி, நடுமட்டத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பது பெர்ரிஸின் அறிவுரை. பிற நிறுவனங்களின் குண்டுகளுக்கு அந்தந்த நிறுவனம் சொல்வதைப் படியுங்கள். குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள்.

இந்தச் சோதனைகளில் தேறிய குண்டை அதே எடையிலும் அதே முனை வடிவத்திலும் ஆயிரக்கணக்கில் வாங்கலாம். சலுகை விலை பார்த்து உருண்டை முனைக்குப் பதிலாகத் தட்டை முனை வாங்கினால், தோட்டாவின் மொத்த நீளத்தைப் புதிதாக நிர்ணயித்து, துப்பாக்கியிலிருந்து கழற்றிய குழலில் மாதிரித் தோட்டா தடையின்றி விழுந்து அமர்கிறதா என்பதை மறுபடியும் பார்த்தாக வேண்டும்.