பழைய நேரத்தைக் காட்டிய பக்கம்: சிடிஎன் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊரில் ஒரு செத்தவீடு என்றால், அடுத்த ஒழுங்கைக்குச் செய்தி போவதற்குள் ரொறன்ரோவுக்குப் போய்விடும். மகன் பாரிஸில், மகள் கனடாவில், தம்பி சிட்னியில். கிரியை எத்தனை மணிக்கு, நேரலை எந்த லிங்கில் என்று எல்லோரும் மரண அறிவித்தலைத் திறந்துதான் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அப்படியான ஒரு சிறிய இணையத்தளத்தைச் சில வருடங்களாக நான் பராமரித்து வருகிறேன்.

ஒருமுறை கிரியை காலை 11 மணிக்கு என்று போட்டிருந்தோம். முதல் நாள் இரவு வீட்டார் அழைத்து 9 மணிக்கு மாற்றச் சொன்னார்கள். உடனே மாற்றினேன். சிடிஎன்னில், அதாவது நம் பக்கங்களின் பிரதிகளை உலகின் பல நகரங்களில் வைத்துக் கொடுக்கும் சேர்வர் வலையமைப்பில், இருந்த பழைய பிரதிகளையும் அழித்தேன். என் கைத்தொலைபேசியில் புதிய நேரம் தெரிந்தது, நிம்மதியாகப் படுத்துவிட்டேன். ஆனால் ரொறன்ரோவில் இருந்த மகள், தன் ஊர்க் காலையில் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே ஒருமுறை திறந்திருந்தார். இரவு வட்ஸ்அப்பில் அதே லிங்கைத் தட்டியபோது பழைய நேரமே வந்தது. இங்கே 11 மணி என்றால் அங்கே அதிகாலை 1.30. அவர் விழித்திருந்து நேரலையைத் திறந்தபோது அப்பாவின் உடல் வீட்டைவிட்டுப் போய்விட்டது.

காரணம் ஒரே ஒரு வரி. எல்லாப் பக்கங்களுக்கும் "ஒரு நாள் வைத்திருக்கலாம்" என்று நான் எழுதிவைத்திருந்தேன்.

முதலில் சிடிஎன் ஏன் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். இங்கே பலர் சேர்வரைச் சிங்கப்பூரில் எடுப்பார்கள். அங்கிருந்து ரொறன்ரோ ஏறத்தாழ 15,000 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர்தான் போகும். ஆக, கேபிள் நேர்கோட்டில் கிடந்தாலும் ஒரு தடவை போய்வர 150 மில்லிநொடி. இணைப்பை ஏற்படுத்த ஒரு தடவை, இடையில் யாரும் வாசிக்காதபடி பூட்டுப் போட இன்னொன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க மூன்றாவது. முதல் எழுத்து வருமுன்பே அரை நொடி நெருங்கிவிடும். பூட்டு முறை பழைய டிஎல்எஸ் 1.2 என்றால் இன்னும் ஒரு தடவை கூடும். எவ்வளவு காசு கொடுத்துப் பெரிய சேர்வர் வாங்கினாலும் இந்தத் தூரம் குறையாது. வாசகருக்குப் பக்கத்து நகரில் ஒரு பிரதியை வைப்பதுதான் வழி. 1998இல் அமெரிக்காவில் அக்கமாய் நிறுவனம் தொடங்கியது இந்த யோசனையில்தான். இன்று கிளவுட்ஃபிளேர் போன்றவை சிறிய தளங்களுக்கு இலவசமாகவே செய்து தருகின்றன.

பிரதி என்றால் அது பழசாகவும் கூடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு கேஷ்களை ஒன்றாக நினைப்பது

என் தவறு இதுதான். சேமித்த பிரதி இருக்கும் இடத்தைத்தான் கேஷ் என்கிறோம். அது இரண்டு இடங்களில் இருக்கிறது: சிடிஎன்னின் சேர்வர்களில், அப்புறம் வாசகரின் பிரவுசரில். நாம் "பேர்ஜ்" கொடுத்து அழிப்பது முதலாவதை மட்டும். வாசகரின் கைத்தொலைபேசிக்குள் இருப்பதை நம்மால் தொடமுடியாது. அங்கே கொடுத்த தவணை முடியும்வரை அவருடைய பிரவுசர் நம்மிடம் கேட்கவே வராது.

இதற்குத்தான், பிரதியை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று சேர்வர் பக்கத்தோடு அனுப்பும் கேஷ்-கன்ட்ரோல் வரியில் இரண்டு அளவுகள் இருக்கின்றன. மேக்ஸ்-ஏஜ் பிரவுசரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். எஸ்-மேக்ஸ்ஏஜ் சிடிஎன் போன்ற பொதுக் கேஷ்களுக்கு மட்டும். மாறக்கூடிய பக்கத்துக்கு மேக்ஸ்-ஏஜ் பூச்சியம், எஸ்-மேக்ஸ்ஏஜ் ஒரு மணி நேரம் என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் பிரவுசர் "மாறிவிட்டதா?" என்று பக்கத்து நகரச் சேர்வரைக் கேட்கும். மாறவில்லையென்றால் மிகச் சிறிய பதிலோடு வேலை முடிந்துவிடும். நீங்கள் திருத்தினால் சிடிஎன்னில் ஒரு பேர்ஜ், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பலர் சொல்லைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நோ-கேஷ் என்றால் சேமிக்காதே என்று பொருளல்ல. சேமித்துக்கொள், ஆனால் காட்டுமுன் என்னிடம் கேள் என்று பொருள். சேமிக்கவே கூடாது என்றால் நோ-ஸ்டோர்.

ஒரே பெயரில் புதிய படம்

அறிவித்தல்கள் பெரும்பாலும் படமாகவே வரும். நேரம் மாறினால் வடிவமைத்தவர் புதிய படத்தை அனுப்புவார். அதைப் பழைய படத்தின் பெயரிலேயே ஏற்றிவிடுவோம். படங்களுக்கு நாம் வழக்கமாக நீண்ட தவணை கொடுத்திருப்போம், எனவே பழைய படமே பல நாள் நிற்கும். கோப்பு மாறினால் பெயரும் மாறவேண்டும். படம், ஸ்டைல் கோப்பு, ஸ்கிரிப்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பெயரில் பதிப்பெண்ணைச் சேர்த்துவிட்டால், அவற்றை ஒரு வருடம்வரை தயங்காமல் சேமிக்கவிடலாம். பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் போதும், அது சரியான பெயரைச் சுட்டும்.

நேரத்தையும் இடத்தையும் படத்துக்குள் மட்டும் விடாமல் எழுத்தாகவும் தட்டுங்கள். கண் மங்கிய பெரியவர்கள் பெருப்பித்து வாசிக்க முடியும்.

சிடிஎன் போட்டாயிற்று, எல்லாம் சேமிக்கப்படுகிறது என்று நம்புவது

கிளவுட்ஃபிளேர் தானாகச் சேமிப்பது படம், ஸ்கிரிப்ட் போன்ற நிலையான கோப்புகளை மட்டுமே. எழுத்து இருக்கும் எச்டிஎம்எல் பக்கத்தை நாம் விதி எழுதினால்தான் சேமிக்கும். அதுவரை ஒவ்வொரு வாசகருக்காகவும் சிங்கப்பூர் வரை போய்த்தான் வரும். பிரவுசரின் டெவலப்பர் பகுதியில் பதில் ஹெடரை, அதாவது பக்கத்தோடு வரும் குறிப்பு வரிகளை, பாருங்கள். ஹிட் என்றிருந்தால் பிரதியிலிருந்து வந்தது. டைனமிக் என்றிருந்தால் அந்தப் பக்கம் சேமிக்கப்படவே இல்லை.

சரி, எல்லாவற்றையும் சேமித்துவிடலாம் என்று ஒரே விதியில் போடுவது இதைவிட ஆபத்து. அனுதாபம் எழுதும் படிவத்தில் ஒருவர் தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் நிரப்பியிருக்கிறார். அந்த விவரங்களோடு சேர்வர் திருப்பி அனுப்பும் பக்கம் பிரதியாகிவிட்டால் அடுத்தவருக்கு அது அப்படியே தெரியும். 2015 நத்தார் தினத்தில் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில் நடந்தது இதுதான். தாக்குதல் ஒன்றைச் சமாளிக்கப்போய்க் கேஷ் அமைப்பு தவறாகிவிட்டது. ஏறத்தாழ 34,000 பேரின் பக்கங்களைப் பிறர் பார்த்திருக்கக்கூடும் என்று நிறுவனமே பின்னர் அறிவித்தது. லொகின், படிவம், கட்டணம் சம்பந்தப்பட்ட எந்தப் பக்கத்துக்கும் பிரைவேட் (அந்த வாசகரின் பிரவுசர் மட்டும் சேமிக்கலாம்) அல்லது நோ-ஸ்டோர். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

தமிழுக்கு உரிய சில

யுனிகோடில், யுடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். "யாழ்ப்பாணம்" என்ற சொல் மட்டும் 33 பைட். ஆனால் ஒரே மாதிரியான பைட்கள் திரும்பத் திரும்ப வருவதால் தமிழ்ப் பக்கம் நன்றாகச் சுருங்கும். எனவே ஜிசிப் அல்லது புரோட்லி சுருக்கத்தை அணைத்துவைப்பது தமிழ்த் தளத்துக்குப் பெரிய இழப்பு.

எழுத்துருவில் இன்னொரு பொறி இருக்கிறது. அளவைக் குறைப்பதற்காக எழுத்துருவை வெட்டும்போது குறியீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, எழுத்துகளைச் சேர்க்கும் அட்டவணைகளை விட்டுவிடுகிறார்கள். பிறகு "கு", "கூ" போன்றவை உடைந்து, உகரம் தனியே நிற்கும். இறந்தவரின் பெயர் அப்படி உடைந்து தெரிவதைக் குடும்பத்தார் பார்க்கக்கூடாது. வெட்டியபின் உயிர்மெய் வரிசை முழுவதையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

தொலைபேசியில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் எந்தச் சிடிஎன்னும் காப்பாற்றாது. அகலத்தைக் குறைத்து, சிறிதாகச் சுருங்கும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றுங்கள்.

நேரலையை உங்கள் சேர்வரிலிருந்தே கொடுத்தால்

எச்எல்எஸ் முறையில் காணொளி சில நொடித் துண்டுகளாக வரும். அடுத்த துண்டு எது என்று சொல்வதற்கு ஒரு பட்டியல் கோப்பும் கூடவே வரும். துண்டு மாறாது, தாராளமாகச் சேமிக்கலாம். பட்டியல் சில நொடிக்கு ஒருமுறை மாறும். இரண்டுக்கும் ஒரே தவணை கொடுத்தால் படம் உறைந்து நிற்கும். நல்லூர்த் தேரன்று வீதியிலிருந்து நேரலை கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே இதைச் சோதியுங்கள். இங்கே காலை 7 மணி என்பது லண்டனில் அதிகாலை 2.30. அந்த நேரத்தில் எழுந்திருப்பவருக்கு உறைந்த படம் கிடைக்கக்கூடாது.

சிடிஎன்னே விழுந்தால்

2021 ஜூன் 8ஆம் திகதி ஃபாஸ்ட்லி என்ற சிடிஎன் நிறுவனத்தில் ஒரு வாடிக்கையாளர் முறையாகச் செய்த அமைப்பு மாற்றம், மறைந்திருந்த ஒரு பிழையைத் தூண்டியது. பிரித்தானிய அரசின் தளம், கார்டியன், நியூயோர்க் டைம்ஸ் எல்லாம் சேர்ந்து முடங்கின. 2025 செப்ரெம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே வேகம் குறைந்தது. இவற்றை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் மூலச் சேர்வர் எட்டாவிட்டால் பழைய பிரதியையே காட்டு என்று சொல்லும் ஸ்டேல்-இஃப்-எரர் என்ற வரியைச் சேர்க்கலாம். எல்லாச் சிடிஎன்னும் அதைக் கேட்பதில்லை, உங்களுடையது கேட்கிறதா என்று முதலே பாருங்கள். தளத்தின் பெயரைச் சேர்வரின் விலாசமாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் தவணையையும் சில நிமிடங்களாக வையுங்கள். ஒரு நாள் என்று வைத்திருந்தால் அவசரத்தில் வேறிடம் மாறினாலும் உலகம் பழைய விலாசத்தையே தட்டிக்கொண்டிருக்கும்.

சோதனையை யாழ்ப்பாணத்தில் இருந்து மட்டும் முடித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தொலைபேசியில் எல்லாம் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும், வேகமாகத்தான் தெரியும். நான் இப்போது பாரிஸில் இருக்கும் மச்சானிடமும் சிட்னியில் ஒரு நண்பரிடமும் லிங்கை அனுப்பி, ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். ஒரு முறை திறக்கச் சொல்லி, நான் ஒரு சொல்லை மாற்றியபின் மறுபடி அதே லிங்கைத் தட்டச் சொல்கிறேன். அன்று நான் செய்யாமல் விட்டது அந்த இரண்டாவது தட்டைத்தான்.

இப்போது ஒவ்வொரு அறிவித்தலின் மேலேயும் "கடைசியாகத் திருத்தியது" என்று திகதியும் நேரமும் பெரிய எழுத்தில் இருக்கும். கிரியை நேரத்துக்குக் கீழே ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சிட்னி நேரங்களும் இருக்கும்.