ஆடுகளுக்கு ஹார்மோன் ஸ்பாஞ்ச் வைத்துப் பருவத்தை ஒருங்கிணைக்கும்போது யோனிப் பாக்டீரியாக்களைக் கையாளும் முறை

மந்தையில் உள்ள பெட்டையாடுகள் அனைத்தையும் இரண்டு மூன்று நாட்களுக்குள் பருவத்துக்குக் கொண்டுவந்து, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடுவதையும் குட்டி ஈனுதலையும் ஒரே காலத்தில் முடித்துக்கொள்ள விரும்பும் பண்ணைகள், யோனிக்குள் ஹார்மோன் தோய்ந்த ஸ்பாஞ்ச் வைக்கும் முறையையே பெரும்பாலும் நாடுகின்றன. வைத்த ஸ்பாஞ்சைப் பத்துப் பதினோரு நாள் கழித்து நூலைப் பிடித்து இழுக்கும்போது, அதன் பின்னாலேயே சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில், சில ஆடுகளில் இரத்தக் கீற்றுடனும், குடலைப் புரட்டும் நாற்றத்துடனும் ஒரு திரவம் வழிந்து கொட்டும். முதன்முறை பார்ப்பவர் கருப்பையில் சீழ் பிடித்துவிட்டது என்று அஞ்சி உடனே ஆன்டிபயாடிக் மருந்தைத் தேடுவது இயல்பு. அது பெரும்பாலும் தேவையற்றது. எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்பதை அறியும் வழியையும், அந்தத் திரவத்தின் அளவை முன்கூட்டியே குறைக்கும் வழியையும் கால்நடை மருத்துவர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் படித்த பண்ணையாளர்களுக்கும் இங்கே விளக்குகிறேன்.

உள்ளே நடப்பது என்ன

பெண்களின் யோனியில் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் மிகுந்து அமிலத்தன்மையை உண்டாக்கி மற்ற கிருமிகளை அடக்கி வைக்கின்றன. ஆடு, செம்மறி, மாடு ஆகியவற்றில் நிலைமை வேறு. இவற்றில் லாக்டோபேசில்லஸ் மிகக் குறைவு, யோனியின் பி.எச். அளவும் ஏறத்தாழ 7-ஐ ஒட்டியே இருக்கும். ஆகவே மனிதர்களுக்கான ஆய்வு முடிவுகளை அப்படியே ஆட்டுக்குப் பொருத்தக் கூடாது. நலமான ஆட்டிலிருந்து எடுத்த மாதிரியைக் காற்றுள்ள சூழலில் வளர்த்தால் கோஆகுலேஸ் அற்ற ஸ்டஃபைலோகாக்கஸ், கொரினிபாக்டீரியம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், பேசில்லஸ் ஆகியவை பொதுவாகக் கிடைக்கும், சிறிதளவு ஈ.கோலையும் இருக்கலாம். அதன் இருப்பு மட்டுமே நோய்க்கு அடையாளம் ஆகாது.

ஸ்பாஞ்ச் வைத்தபின் இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்து இயங்குகின்றன. முதலாவது, புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் ஆதிக்கத்தில் கருப்பை வாய் மூடிக்கொள்கிறது, சளி குறைந்து கெட்டியாகிறது, இனப்பெருக்க உறுப்புகளின் நோய் எதிர்ப்பும் சற்றுத் தளர்கிறது. இரண்டாவது, பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் ஓர் அந்நியப் பொருளாக யோனிச்சுவரை உரசி அழற்சியை உண்டாக்குவதோடு, சுரக்கும் நீர் வெளியேறும் வழியையும் அடைத்து, அந்த நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. உடல் வெப்பத்தில் தேங்கிய அந்த நீரில், வைக்கும்போது உள்ளே சென்ற குடல்வாழ் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. இதனால்தான் ஸ்பாஞ்சை எடுக்கும் நாளில் மொத்த எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்து, ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற உருண்டை வடிவக் கிராம்-நேர் பாக்டீரியாக்களின் இடத்தை ஈ.கோலை முதலான கிராம்-எதிர் பாக்டீரியாக்கள் பிடித்துக்கொள்வதைப் பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டுள்ளன. நடைமுறையில் இவ்விரு காரணங்களில் பெரியது இரண்டாவதே என்பது என் கருத்து. ஹார்மோனைப் பழிப்பதற்கு முன் நம் கைகளின் தூய்மையையும் ஸ்பாஞ்ச் உள்ளே இருக்கும் நாட்களையும் பார்க்க வேண்டும்.

எடுத்தபின் நடப்பதும் இதற்குச் சான்று. அடுத்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பெரும்பாலான ஆடுகள் பருவத்துக்கு வரும்போது ஈஸ்ட்ரோஜன் உயர்கிறது; நீர்த்த சளி பெருகி வழிகிறது; வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. தேங்கியிருந்தவை கழுவப்பட்டு, சில நாட்களில் எண்ணிக்கையும் வகையும் பழைய நிலையை நெருங்குகின்றன. உடலே செய்துகொள்ளும் இந்தச் சுத்திகரிப்புக்கு இடம் விடுவதுதான் இம்முறையின் அடிப்படை.

ஸ்பாஞ்ச் உண்மையில் தேவையா

பிரான்சில் ஆல்பைன், சானன் போன்ற பால் ஆடுகள் பகல் நேரம் குறையும் காலத்தில் மட்டுமே பருவத்துக்கு வருவதால், ஆண்டு முழுவதும் பால் கிடைக்க ஹார்மோன் முறை அங்கே நிலைபெற்றது. புரோஜெஸ்டிரோன் போலச் செயல்படும் ஃபுளூஜெஸ்டோன் அசிட்டேட் 45 மி.கி. கொண்ட ஸ்பாஞ்சை 11 நாட்கள் வைத்து, எடுப்பதற்கு 48 மணி நேரம் முன்பு இ.சி.ஜி. (சினைப்பையைத் தூண்டும், குதிரையிலிருந்து எடுத்த ஹார்மோன்), புரோஸ்டகிளாண்டின் வகையைச் சேர்ந்த குளோப்ரோஸ்டினால் ஆகிய ஊசிகளைப் போட்டு, எடுத்த ஏறத்தாழ 43 முதல் 45 மணி நேரத்தில் உறைவிந்து செலுத்துவது அங்கே நெடுங்காலம் வழக்கமாக இருந்த அட்டவணை. இந்தியாவில் இராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையம் இயற்கைப் புரோஜெஸ்டிரோன் கொண்ட 'அவிகெசில்-எஸ்' ஸ்பாஞ்சை உருவாக்கியுள்ளது.

நம் ஊர் ஆடுகளோ ஏறத்தாழ ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வருபவை. சுழற்சி ஒழுங்காக இருக்கும் மந்தையில் யோனிக்குள் எதையும் வைக்காமலேயே, 10 அல்லது 11 நாள் இடைவெளியில் இரண்டு புரோஸ்டகிளாண்டின் ஊசி போட்டுப் பருவத்தை ஒருங்கிணைக்கலாம். பாக்டீரியாச் சிக்கல் அங்கே எழுவதே இல்லை. ஆனால் சினையாட்டுக்கு இந்த ஊசியைப் போட்டால், எந்த மாதமானாலும் கரு கலைந்துவிடும். ஏனெனில் ஆட்டில் சினைக்காலம் முழுவதையும் தாங்கி நிற்பது சினைப்பையில் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும் கார்பஸ் லூட்டியம்தான்; இந்த ஊசி அதைக் கரைத்துவிடும். கிடாயை மூன்று வாரம் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாமல் பிரித்து வைத்துவிட்டு, பிறகு பெட்டைகளிடையே விடுவதும் செலவற்ற வழி. பருவத்துக்கு வராத ஆடுகள், நேரம் குறித்துச் சினை ஊசி போட வேண்டிய நிலை, கருமாற்றம் ஆகியவற்றுக்கே ஸ்பாஞ்ச் உரியது.

ஸ்பாஞ்சுக்கு மாற்றாக, 0.3 கிராம் புரோஜெஸ்டிரோன் கொண்ட சி.ஐ.டி.ஆர். என்னும் சிலிக்கோன் சாதனம் உண்டு. அது நீரை உறிஞ்சாது. சுரப்பு அதன் ஓரமாக வழிந்து வெளியேறிவிடும். அதை வைத்த ஆடுகளிலும் சளியொழுக்கு காணப்படும் என்றாலும், ஸ்பாஞ்ச் அளவுக்கு நாற்றமும் தேக்கமும் இருப்பதில்லை. கிடைக்குமானால் இதையே முதலில் தேர்ந்தெடுப்பேன். எந்தச் சாதனமானாலும் 5 முதல் 7 நாள் வரையிலான குறுகிய அட்டவணையைக் கடைப்பிடித்தால் தேக்கத்தின் காலமும் குறையும். கருவுறுதலில் குறுகிய அட்டவணை நெடிய அட்டவணைக்குப் பின்தங்குவதில்லை. நாட்களையும் ஊசி அளவுகளையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வைக்கும் முறை

முந்தைய நாளே ஸ்கேன் செய்து, சினை இல்லை என்பதையும், கருப்பையில் நீர் தேங்கிய பொய்ச்சினை இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே சளியொழுக்கு உள்ள ஆட்டையும், அண்மையில் கரு கலைந்த ஆட்டையும் ஒதுக்கிவிடுங்கள்.

ஆட்டை நிற்க வைத்துப் பிடித்து, வாலை உயர்த்தி, அறையின் (யோனியின் வெளிவாய்) உதடுகளில் ஒட்டிய சாணத்தையும் புழுக்கையையும் முதலில் உலர்ந்த காகிதத்தால் துடைத்துவிட வேண்டும். பிறகு நீர்த்த போவிடோன் அயோடின் கரைசலால் கழுவி, மீண்டும் உலரத் துடைக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் அழுக்கு நீர், ஸ்பாஞ்சைச் செலுத்தும் குழலோடு உள்ளே போகும். பண்ணைகளில் அதிகம் தவறவிடப்படும் படி இதுதான். கழுவுவதற்குக் காட்டும் அக்கறையை உலர்த்துவதற்குக் காட்டுவதில்லை.

செலுத்துகுழலை ஆட்டுக்கு ஆடு மாற்றும்போது கிருமிநாசினி வாளியில் முக்கி எடுப்பது வழக்கம். பத்து ஆடு தாண்டியதும் அந்த வாளி கிருமிநாசினியாக இருப்பதில்லை. சாணமும் சளியும் கலந்தால் மருந்தின் வீரியம் அழிந்துவிடுகிறது. ஆகவே நான்கைந்து குழல்களைச் சுழற்சியில் வைத்து, ஒரு வாளியில் அழுக்கைக் கழுவி, அடுத்த வாளியில் கிருமிநாசினியில் ஊற வைத்து, மூன்றாவதில் கொதித்து ஆறிய நீரில் அலசிப் பயன்படுத்துவது நல்லது. அலசாத கிருமிநாசினி யோனிச்சுவரை எரித்து, அழற்சியை நாமே தொடங்கி வைப்பதாகிவிடும். குழலின் நுனியில் கிருமியற்ற வழுவழுப்புக் களிம்பைத் தடவி, சற்றே மேல்நோக்கிச் சாய்த்து நுழைத்து, பிறகு கிடைமட்டமாக்கி மெல்லச் செலுத்தவும். ஒருமுறையும் ஈனாத இளம் பெட்டைக்குக் குழலைத் தவிர்த்து, கையுறை அணிந்த ஒரு விரலால் தள்ளி வைக்கலாம்; அங்கே ஏற்படும் சிறு கீறலும் ஒட்டுத்தசையாக மாறி, ஸ்பாஞ்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வழிசெய்யும்.

வெளியே தொங்கும் நூலைச் சில செண்டிமீட்டர் மட்டும் விட்டு வெட்டுங்கள். நீளமாக விட்டால் பக்கத்து ஆடு கடித்து இழுத்துவிடும். ஸ்பாஞ்சைத் தொடுபவர் கையுறை அணிவது கட்டாயம். இந்த ஹார்மோன்கள் தோல் வழியே உடலில் ஏறும். கர்ப்பிணிகள் இந்த வேலையிலிருந்து முழுவதும் விலகியிருக்க வேண்டும். புரூசெல்லா, கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்சியெல்லா, கிளமிடியா போன்ற கிருமிகள் ஆட்டின் இனப்பெருக்க உறுப்புச் சுரப்புகள் வழியே மனிதருக்குத் தொற்றக்கூடியவை என்பதும் இதற்கு இன்னொரு காரணம்.

எடுக்கும் நாளில்

நூலைக் கீழ்நோக்கி, சீராக இழுக்கவும். வெடுக்கென்று இழுத்தால் ஒட்டிய இடம் கிழியும். திரவத்தின் நிறம், நாற்றம், அளவு, இரத்தம் உண்டா என்பவற்றை ஆட்டின் காதுவில்லை எண்ணுக்கு நேரே குறித்துக்கொள்ளுங்கள்; தெளிவு, கலங்கல், சீழ், இரத்தம் என்ற நான்கு தரங்கள் போதும். உள்ளே குழாய் விட்டுக் கழுவ வேண்டாம். பருவச் சளி செய்யப்போகும் வேலையைக் குழாய் செய்ய முயன்றால், அழுக்கு கருப்பை வாயை நோக்கித் தள்ளப்படும். எடுத்த ஸ்பாஞ்சில் ஹார்மோன் மிச்சமிருப்பதால் அதைக் குப்பையில் வீசாமல் எரித்துவிட வேண்டும். சி.ஐ.டி.ஆர். சாதனத்தைக் கழுவி அடுத்த ஆட்டுக்கு வைப்பது சிக்கனமாகத் தோன்றினாலும் தொற்றைப் பரப்பும் வழி என்பதால் அதை ஏற்பதற்கில்லை.

மாதிரி எடுத்து ஆராய விரும்பினால்

ஆய்வு நோக்கில் செய்பவர்கள் மூன்று குழுக்களை அமைக்க வேண்டும்: ஹார்மோன் ஸ்பாஞ்ச் வைத்தவை, ஹார்மோன் இல்லாத வெற்று ஸ்பாஞ்ச் வைத்தவை, எதுவும் வைக்காதவை. நடுக்குழு இல்லாவிட்டால் மாற்றத்துக்குக் காரணம் ஹார்மோனா, பஞ்சுத்துண்டா என்று பிரித்தறியவே முடியாது. ஈன்ற ஆடுகளையும் ஈனாதவற்றையும் குழுக்களில் சமமாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே கொட்டகையில் ஒரே தீவனத்தில் வைத்திருங்கள். வைப்பதற்குச் சற்று முன், எடுத்த உடன், பருவத்தின்போது, எடுத்த ஏழாம் நாள் ஆகிய நான்கு வேளைகளில் அதே ஆடுகளிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். ஆடு ஒவ்வொன்றும் தனக்குத்தானே ஒப்பீடாக அமைவதால், ஆட்டுக்கு ஆடு உள்ள பெரிய வேறுபாடு முடிவைக் குழப்பாது.

அறையைத் துடைத்து உலர்த்திய பின், கிருமியற்ற ஸ்பெக்குலத்தை நுழைத்து, அதன் வழியாக இரட்டை உறையுள்ள பஞ்சுக்குச்சியைச் செலுத்தி, யோனியின் முன்பகுதியில் சுவரைத் தொட்டுச் சில சுற்றுகள் சுழற்றி, மீண்டும் உறைக்குள் இழுத்துக்கொண்டு வெளியே எடுக்கவும். வெளியுதட்டைத் தொட்ட குச்சி சாணத்தின் பாக்டீரியாவைத்தான் காட்டும். அதை எறிந்துவிட்டு இன்னொன்றை எடுங்கள். வளர்ப்புக்கான குச்சியை, மாதிரியைக் கொண்டுசெல்ல உதவும் ஏமிஸ் ஊடகத்தில் வைத்து, குளிர்ச்சியில், ஒரு நாளுக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். அங்கே பத்தின் மடங்குகளில் நீர்த்து, பாக்டீரியா வளர்க்கும் கூழ்மங்களான இரத்த அகாரிலும் மெக்கான்கி அகாரிலும் பரப்பி, 37 டிகிரி செல்சியசில் 24 முதல் 48 மணி நேரம் வைத்துக் காலனிகளை எண்ணுவார்கள். மெக்கான்கியில் இளஞ்சிவப்பாக வளர்பவை லாக்டோஸைச் சிதைக்கும் குடல்வாழ் வகைகள்; அவற்றில் ஈ.கோலையை உயிர்வேதிச் சோதனைகளால் உறுதி செய்ய வேண்டும்.

மரபணு வழியில், பாக்டீரியா வகைகளை இனங்காட்டும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. வரிசையைப் படிப்பவர்கள் தனிக் குச்சியை எடுத்து உடனே உறைநிலையில் வைக்க வேண்டும். ஆட்டைத் தொடாத, காற்றில் மட்டும் காட்டிய வெற்றுக் குச்சியையும் அதே முறையில் சோதிப்பது இன்றியமையாதது. பாக்டீரியா குறைவாக உள்ள மாதிரியில் வேதிப்பொருட்களிலிருந்து வந்த மாசே முடிவாகத் தோன்றிவிடக்கூடும். இம்முறை தருவது விகிதமே அன்றி எண்ணிக்கை அன்று. ஸ்டஃபைலோகாக்கஸ் பங்கு பாதியாகக் குறைந்தது என்ற முடிவு, அது அழிந்தது என்றும் பொருள்படலாம், ஈ.கோலை பெருகியதால் அதன் பங்கு சிறுத்தது என்றும் பொருள்படலாம். ஆகவே வளர்ப்பு எண்ணிக்கையையும் உடன் வைத்துப் படிப்பதே முறை.

ஆன்டிபயாடிக் பற்றி

ஸ்பாஞ்சின் மீது ஆக்சிடெட்ராசைக்ளின் பொடியைத் தூவி வைப்பது பல இடங்களில் பழகிப்போன செயல். பாக்டீரியா எண்ணிக்கை அதனால் குறையலாம். ஆனால் சினைப்பிடிப்பு அதற்கேற்பக் கூடுவதாக ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. ஒழுக்கு கண்ட ஆடுகளும் பெரும்பாலும் மற்றவற்றைப் போலவே சினைப்பிடிக்கின்றன. மாறாக, குறைந்த அளவு மருந்தில் நாட்கணக்கில் ஊறும் பாக்டீரியாக்களில் அதைத் தாங்கும் வகைகளே எஞ்சும். மந்தை முழுவதற்கும் முன்னெச்சரிக்கையாக மருந்து வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

எடுத்த ஒரு வாரத்துக்குப் பிறகும் சீழ் ஒழுகுதல், 40 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல், தீவனம் எடுக்காமை, கருப்பை வாயிலிருந்தே சீழ் வருதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அந்த ஆட்டுக்கு மட்டும் மாதிரி எடுத்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்பதை வட்டுச் சோதனையில் பார்த்து, மருத்துவர் சொல்லும் மருந்தைச் சொல்லும் நாட்களுக்குக் கொடுக்க வேண்டும். பால் தரும் ஆடானால் மருந்து விலக்குக் காலம் முடியும்வரை பாலை விற்கக் கூடாது.

சினை ஊசியும் அதன் பின்னும்

ஈ.கோலையும் அதன் நச்சும் விந்தணுவின் நகர்வைக் குறைப்பதைச் சோதனைக்குழாயில் காணலாம். ஆகவே விந்தை யோனியில் தேங்கிய சளியில் விடாமல், முன்னுள்ள சளியை ஒற்றி எடுத்துவிட்டு, புதிய உறையிட்ட, விந்து செலுத்தும் துப்பாக்கிக் கருவியால் கருப்பை வாயினுள் விடுவது நல்லது. செம்மறியைக் காட்டிலும் வெள்ளாட்டில் இது எளிது. கிடாயைச் சேர்ப்பதானால், பெட்டைகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பருவத்துக்கு வருவதால் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு கிடாயாவது வேண்டும். சீழ் தரத்தில் குறித்த ஆடுகளைக் கடைசியாகச் சேர்ப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கிடாய் வழியே தொற்று பரவும் வாய்ப்பைக் குறைக்கும்.

35 முதல் 45 நாட்களுக்குள் வயிற்றின் வழியே ஸ்கேன் செய்து சினையை உறுதி செய்து, எடுத்த நாளில் குறித்த ஒழுக்குத் தரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சீழ் தரத்து ஆடுகள் மட்டும் வெறுமையாக நின்றால் வைக்கும் முறையில் தூய்மைக் குறை இருக்கிறது. எல்லாத் தரத்திலும் வெறுமை சமமாக இருந்தால் விந்து, நேரம், தீவனம் ஆகியவற்றை ஆராய வேண்டும். ஆண்டுதோறும் இ.சி.ஜி. போடும் ஆடுகளில் அதற்கு எதிர்ப்புப் புரதம் உருவாகிப் பருவம் தாமதமாகும். குறித்த நேரத்தில் போட்ட சினை ஊசி அவற்றில் தவறிப்போவதைப் பாக்டீரியாவின் மேல் ஏற்றிவிடக் கூடாது. சினைப்பிடிக்காமல் சுமார் 21 நாளில் மீண்டும் பருவத்துக்கு வரும் ஆட்டுக்கு, இன்னொரு ஸ்பாஞ்ச் வைக்காமல், அந்த இயற்கைப் பருவத்திலேயே கிடாயைச் சேர்த்துவிடுங்கள்.