பி.எஸ்சி. கணிதப் பாடத்திட்டத்தைத் திருத்த உட்காரும்போது

தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டம் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் ‘புதிதாக எதைச் சேர்க்கலாம்’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நீங்கள் மணி நேரக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். வாரத்துக்கு 30 மணி நேரம், 6 பருவம். தமிழ், ஆங்கிலம், அலைடு (துணைப்பாடம்), பகுதி 4 (பிற துறைத் தாள் போன்றவை) எல்லாம் போக மிஞ்சுவதுதான் கோர், அதாவது முதன்மைப் பாடம். பைத்தான் செய்முறை உள்ளே வந்தால் எது வெளியே போகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது வரிசை. நேரியல் இயற்கணிதம் பல கல்லூரிகளில் நவீன இயற்கணிதத்துக்குப் பிறகு, 6ஆம் பருவத்தில் வருகிறது. தரவு அறிவியலுக்கு ஐகன் மதிப்பு (eigenvalue) வேண்டும் என்று அதை 3ஆம் பருவத்துக்குத் தூக்கினால், வெக்டர் வெளியின் வரையறையிலேயே வண்டி நின்றுவிடும். குலம் (group), களம் (field) இரண்டையும் மாணவர் அப்போது படித்திருக்க மாட்டார். முதல் யூனிட்டில் 4 மணி நேரம் அவற்றுக்கு ஒதுக்குங்கள். இல்லையென்றால் மெய்யெண்களின் மேலான வெளிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈவு வெளியை (quotient space) தயங்காமல் 5ஆம் பருவத்துக்குத் தள்ளலாம். இயற்பியல் மாணவர்களுக்கு நாம் எடுக்கும் அலைடு கணிதத்தில் லாப்லாஸ் உருமாற்றத்தை நகர்த்துமுன் இயற்பியல் துறையைக் கேளுங்கள். அவர்களுடைய தாள் அதை நம்பி நிற்கலாம்.

பகுதி 4இல் பிற துறையினருக்கு நாம் தரும் தாளில்தான் அளவுக்கு மீறிச் சேர்க்கத் தோன்றும். பகுதி 1 மொழிப்பாடமாகத் தமிழ் எடுத்த வணிகவியல், வரலாறு மாணவர்கள் வந்து உட்காரும் தாள் அது. வாரம் 2 மணி என்றால் பருவத்துக்கு 30 மணிதான். அதில் கணக் கோட்பாட்டைத் திணிக்காதீர்கள். கடன் தவணையைக் கற்றுக்கொடுங்கள்: 1,00,000 ரூபாய், ஆண்டுக்கு 12%, 12 மாதம். குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி போட்டால் மாதத் தவணை சுமார் 8,885 ரூபாய். அதே 12 சதவீதத்தை முழு அசலுக்கும் போட்டால் 9,333. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கரும்பலகையில் காட்ட ஒரு வகுப்பு போதும்.

வரைவோடு மாதிரி வினாத்தாளும் தயாராகட்டும். எந்த யூனிட்டிலிருந்து 10 மதிப்பெண் கேள்வி எடுக்கவே முடியவில்லையோ, அந்த யூனிட் மெலிந்திருக்கிறது என்று பொருள். பிறகு துறைப் பாடத்திட்டக் குழு: வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர்கள், துணைவேந்தர் நியமிக்கும் வல்லுநர், தொழில்துறைப் பிரதிநிதி, முன்னாள் மாணவர் எல்லாருக்கும் வரைவு முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். கூட்டத்தன்று மேசையில் வைத்தால் எழுத்துப்பிழைதான் பார்ப்பார்கள். அங்கே முடிந்ததும், கல்லூரியின் கல்விசார் முடிவுகளை எடுக்கும் அகாடமிக் கவுன்சிலின் ஒப்புதல்.

பாடம் மாறினால் தாள் குறியீடும் மாற வேண்டும். பழைய குறியீட்டையே விட்டுவைத்தால், அரியர் எழுத வரும் பழைய மாணவரின் கையில் புதிய வினாத்தாள் போய்விடும். எந்த ஆண்டு சேர்ந்தவருக்கு எது, பழைய தாளுக்கு ஈடு எது என்ற அட்டவணையைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முதல் பருவம் தொடங்குமுன் கொடுத்துவிடுங்கள்.