பைக்குக்கு ரேக் அடிக்கப் போய் ஜன்னல் கிரில் அடித்துக்கொண்டு வராதீர்கள்

என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கின் பின்னால் பை கட்டுவதற்கு முதல் ரேக்கை அடித்துக் கொடுத்த பட்டறை அண்ணன் அதன் மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்துக் காட்டிவிட்டு, "யானை ஏறினாலும் தாங்கும் தம்பி" என்றார். யானை ஏறியிருந்தால் தாங்கியிருக்குமோ என்னவோ. இமாச்சலத்தில் ஸ்பிட்டிக்குப் போகும்போது, கிராம்ஃபூவிலிருந்து பாத்தல் போகிற வழியில், கல்லும் ஓடைத் தண்ணீருமாகக் கிடக்கும் அந்தப் பாதையில், கூடாரமும் துணிப்பையும் சேர்த்து ஒரு 20 கிலோவைச் சுமந்துகொண்டிருந்தபோது இடது பக்கம் போல்ட் மாட்டும் காது முறிந்துவிட்டது. மீதி வழியைப் பழைய ட்யூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் காஸா வரை ஓட்டினேன்.

அண்ணன் மேல் தப்பில்லை. பட்டறைக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி. நின்ற இடத்தில் நிற்கிற பொருளுக்குக் கனமாக அடித்தால் போதும். பைக் ரேக் அப்படி இல்லை. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் நாள் முழுக்க உதறிக்கொண்டே இருக்கும், குழிக்குக் குழி தூக்கிப் போடும், இப்படி லட்சக்கணக்கான முறை ஆடி ஆடி வெல்டிங் ஓரத்தில் முடி கனத்துக்கு ஒரு விரிசல் விழும், அது வளர்ந்து ஒருநாள் பட்டென்று போகும். ஒரு தடவை ஏறிக் குதித்துப் பார்க்கிற சோதனையில் இது எதுவுமே தெரியாது.

கனமாக அடித்தால் உறுதி என்ற நினைப்புதான் முதல் தவறு. 12 மி.மீ. கம்பியில் ரேக் அடிப்பவர்கள் நிறைய. கம்பி எடைக்கு எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான், விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.89 கிலோ வரும். அதே இடத்தில் முக்கால் இன்ச் 16 கேஜ் (சுமார் 1.6 மி.மீ. கனம்) உருண்டை பைப் போட்டால் மீட்டருக்கு 0.7 கிலோவுக்குள் முடிந்துவிடும், வளையாமல் நிற்கும் திறனோ கம்பியைப்போல மூன்று மடங்குக்கு மேல். எடை குறைகிறது, விறைப்பு கூடுகிறது. என் முதல் ரேக் 25 மி.மீ. சதுர பைப்பும் மேலே 3 மி.மீ. தகடுமாக எட்டு கிலோவை ஒட்டி இருந்தது. பை கட்டுவதற்கு முன்பே எட்டு கிலோ!

அடுத்தது நெம்புகோல் கணக்கு. முறிந்த ரேக்குகளில் நான் பார்த்த பெரும்பாலானவை இதில்தான் போயின. ரேக்கைப் பிடிக்கும் பின் போல்ட்டிலிருந்து பையின் நடுப்பகுதி 30 செ.மீ. பின்னால் தொங்குகிறது என்று வையுங்கள். முன் போல்ட் பின் போல்ட்டிலிருந்து 15 செ.மீ. முன்னால் இருக்கிறது. 20 கிலோ பை முன் போல்ட்டை 40 கிலோவால் மேலே இழுக்கும், பின் போல்ட் 60 கிலோவைக் கீழே தாங்கும். இது வண்டி சும்மா நிற்கும்போது. ஒரு பெரிய குழியில் இறங்கி இது மூன்று மடங்கானால் முன் காதுகளைப் பிடுங்குகிற விசை 120 கிலோ. நான் அங்கே போட்டிருந்தது 3 மி.மீ. பட்டையில் வெட்டிய ஒரு துண்டு, அதையும் மடக்கி, சரியாக மடிப்பின் மேலேயே வெல்டிங் வைத்திருந்தோம். அதுதான் பாத்தல் வழியில் போனது.

அதனால் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் கிடைக்குமோ அவ்வளவும் எடுத்துக்கொள்ளுங்கள், பையை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். தனியாகப் போகிறவர் என்றால் ரேக்கின் மேல்மட்டத்தை பின் சீட்டின் மட்டத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள், பை முக்கால்வாசி சீட்டில் உட்காரும், ரேக் வால்பக்கத்தை ஏந்திக்கொண்டால் போதும். சீட்டை விட நாலு விரல் உயரத்தில் ரேக் வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் எடை முழுவதும் ரேக்கின் தலையில்தான் விழும். ஓட்டத்திலும் இது தெரியும். ஹிமாலயன் 411-க்கு இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1465 மி.மீ.; பின் அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் 25 கிலோ தொங்கவிட்டால் முன் சக்கரத்திலிருந்து கிட்டத்தட்ட 7 கிலோ காணாமல் போகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசியில் ஏறும்போது ஹாண்டில் இலேசாக மிதப்பதுபோல இருந்தால் காரணம் இதுதான்.

இன்னொரு கெட்ட பழக்கம், பைப் முனையைச் சம்மட்டியால் தட்டித் தட்டையாக்கி அதிலேயே ஓட்டை போட்டு போல்ட் மாட்டுவது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் உருண்டை தட்டையாக மாறுகிற அந்தக் கழுத்தில்தான் விரிசல் ஆரம்பிக்கும். தனியாக 5 மி.மீ. பட்டையில் காது வெட்டி, பைப்போடு நீளவாக்கில் ஒட்டி, மூலையில் முக்கோணத் துண்டு ஒன்று வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பைப்பும் பைப்பும் சேரும் இடத்தில் முனையை அரைவட்டமாகக் குடைந்து இடைவெளி இல்லாமல் உட்கார வைக்க வேண்டும். இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பினால் 16 கேஜில் ஓட்டை விழும், ஓட்டையை மூட இன்னும் கொஞ்சம் அடிப்பார்கள், கடைசியில் கட்டி கட்டியாக நிற்கும் அந்த இடம்தான் எல்லாவற்றையும் விடப் பலவீனம். சிஓ2 வெல்டிங் (கேஸோடு கம்பி தானாக வரும் வகை) இருந்தால் நல்லது. ராடு வைத்து அடிக்கும் ஆர்க்தான் என்றால் மெல்லிய ராடும் குறைந்த கரண்டும். கேட்டுக்குப் போடுகிற அதே செட்டிங்கில் அடிக்க விடாதீர்கள்.

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ரேக் வேண்டும் என்று ஆசைப்பட்டால் 304 கிரேடுதானா என்று கேளுங்கள், மாடிப்படிக்கு விற்கிற 202 மழையில் கறை பிடிக்கும். ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்பு) வெல்டிங் அடிப்பதாக இருந்தால் அந்தப் பூச்சை முதலில் தேய்த்து எடுக்க வேண்டும், அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி காய்ச்சல் வரும்.

வண்டியிலேயே ரேக்கை மாட்டி வைத்து முழு வெல்டிங்கையும் அடிப்பது பெரிய ரிஸ்க். இசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்), ஏபிஎஸ் பிரேக் எல்லாம் உள்ள வண்டி. பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் வேறு. அளவு பிடிக்க வண்டியில் வைத்து நாலு டேக் (பொட்டு வெல்டிங்) மட்டும் போடலாம், அதற்கும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இசியு கனெக்டரைப் பிடுங்கி, எர்த் கிளாம்பை வெல்டிங் அடிக்கும் துண்டிலேயே மாட்டியிருக்க வேண்டும். முழு வெல்டிங்கைக் கீழே இறக்கி அடியுங்கள், ஆனால் சும்மா தரையில் போட்டு அடித்தால் சூட்டில் இழுத்துக்கொண்டு ஓட்டைகள் சேராது. கனமான ஒரு ஆங்கிளில் அதே அளவுக்கு ஓட்டை போட்டு, போல்ட்டால் இறுக்கி வைத்து, ஒரு பக்கம் கொஞ்சம், மறு பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அடிக்கட்டும். ஓட்டை சேரவில்லை என்று கடப்பாரையால் நெம்பி மாட்டினால் பை ஏறுவதற்கு முன்பே காது பாதி பாரத்தில் நிற்கிறது என்று அர்த்தம்.

போல்ட் விஷயத்தில் மூன்று. ரேக்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஏழெட்டு வாஷரை அடுக்கி நீள போல்ட் போடாதீர்கள், போல்ட் வளையும். லேத்தில் கொடுத்து ஒரே துண்டாக புஷ் (போல்ட் நுழையும் குழல்) கடைந்து வாங்குங்கள், செலவு அதிகம் ஆகாது. அதிர்வைக் குறைக்கிறேன் என்று ரப்பர் வாஷர் வைப்பதும் வேண்டாம், ரப்பர் அமுங்க அமுங்க போல்ட் தளரும். பளபளப்புக்காக எஸ்எஸ் போல்ட் போடுகிறவர்கள், கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற ஏ2-70 போல்ட் 8.8 கிரேடு இரும்பு போல்ட்டை விடப் பலம் குறைந்தது என்பதையும் மனதில் வையுங்கள்.

பக்கவாட்டுச் சட்டமும் சேர்த்து அடிப்பவர்களுக்கு: இந்த வண்டியில் சைலன்சர் வலது பக்கம், அதன் சூட்டில் பை உருகும், விலகல் விட்டுத்தான் அளவெடுக்க வேண்டும். பின் சக்கரம் 180 மி.மீ. வரை மேலே வரும், சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கினால் டயர் எங்கே நிற்கும் என்று பார்க்காமல் குறுக்குப் பைப் போடக்கூடாது. இடவசதிக்காகக் கைப்பிடியையும் சேலைக் கம்பியையும் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும், பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் காப்பும் மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி இருந்தாக வேண்டும். நம்பர் பிளேட்டும் இண்டிகேட்டரும் கட்டிய பைகளுக்குப் பின்னால் ஒளியக்கூடாது. அப்புறம், எல்லாம் மாட்டிய பிறகு சீட்டைக் கழற்ற முடிகிறதா? சிரிக்காதீர்கள், என் இரண்டாவது ரேக்கை மாட்டிய அன்று எனக்கு அது முடியவில்லை.

பெயிண்ட் கடைசி வேலை. பவுடர் கோட்டிங்குக்கு 200 டிகிரி வரை சூடாக்குவார்கள், எல்லாப் பக்கமும் மூடிய பைப்பாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்று வெல்டிங்கில் உள்ள ஊசி ஓட்டை வழியே வந்து பூச்சைக் கொப்புளமாக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று விட்டுவிடுங்கள், மழைத் தண்ணீர் வடியவும் அதுவே ஆகும். நான் இப்போது கறுப்பு அடிப்பதில்லை, வெளிர் சாம்பல்தான். விரிசல் விட்டால் பூச்சின் மேல் மெல்லிய துருக்கோடு தெரியும், கறுப்பில் அது கண்ணில் படாது. மாட்டி முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒரு முறை இறுக்கி, போல்ட் தலையிலிருந்து காது வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். டீ குடிக்க நிறுத்தும்போது கோடு நேராக இருக்கிறதா என்று குனிந்து ஒரு பார்வை.