கடல் தண்ணியில் விழுந்த போனும் குடத்தில் விழுந்த போனும்

போன் நனைந்ததும் எல்லோரும் செய்வது, ஸ்க்ரீனைத் தட்டி ‘வேலை செய்யுதா’ என்று பார்ப்பது. அதைத்தான் செய்யக் கூடாது. உள்ளே கரண்ட் ஓடும்வரை ஈரம் பட்ட இடத்தில் ஷார்ட் ஆகும், செம்பும் ஈயப்பற்றும் அரித்துக்கொண்டே போகும். உடனே ஆஃப் செய்யுங்கள். சார்ஜில் இருந்தால் சுவரில் சுவிட்சை அணைத்த பிறகு ஒயரை உருவுங்கள். கவர், சிம் ட்ரே, மெமரி கார்டு மூன்றையும் வெளியே எடுங்கள். பட்டன் போன் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டால் பாதி ஆபத்து போச்சு. சிம்மைத் துடைத்து வீட்டில் வேறொரு போனில் போடுங்கள், பேங்க் ஓடிபி அதில்தானே வரும்.

அடுத்து, எந்தத் தண்ணி என்று பாருங்கள். மெட்ரோ வாட்டர் குடத்தில் விழுந்ததென்றால் துடைத்துக் காயவைக்கலாம். சென்னை காசிமேட்டில் படகிலிருந்து இறங்கும்போது கடலில் விழுந்த கதை வேறு. கடல் தண்ணியில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தண்ணி காய்ந்தாலும் உப்பு, போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் படிந்துவிடும், கடற்கரைக் காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொண்டு தன் வேலையைத் தொடரும். அதனால் கடலில் முங்கிய போனை, ஆஃப் செய்த பிறகு, நல்ல தண்ணியில் ஒருமுறை அலச வேண்டும். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஏற்கெனவே முங்கியதற்கு இன்னொரு முங்கலைவிட உப்புதான் எமன். போர் தண்ணி வேண்டாம், இங்கே பல தெருக்களில் அதுவே உப்புக் கரிக்கும். கிண்ணத்தில் கேன் வாட்டர் ஊற்றி, போனை மெதுவாக அசைத்து எடுத்தால் போதும். வெளியே அலை தெறித்தது மட்டும்தான் என்றால் முக்காதீர்கள், நல்ல தண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள்.

மழையில் சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணி, சாக்கடையும் வண்டி எண்ணெயும் கலந்தது. அதில் விழுந்ததைக் காயவைத்துப் பயனில்லை, நேரே கடைக்குப் போங்கள்.

காயவைக்கும்போது சார்ஜ் போடும் ஓட்டை கீழே பார்க்கட்டும். உள்ளங்கையில் லேசாகத் தட்டினால் சொட்டு இறங்கும். குலுக்கினால் உள்ளேதான் போகும். பிறகு ஃபேன் காற்றில் 24 முதல் 48 மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருப்பதால் ஏசி அறை கிடைத்தால் நல்லது. செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு மூடிய டப்பாவிலும் வைக்கலாம். அரிசிப் பானை வேண்டாம், தூசும் மாவும் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே அரிசியில் வைக்காதீர்கள் என்கிறது. ஹேர் டிரையர், மொட்டை மாடி வெயில் இரண்டும் பசையை இளக்கும், பேட்டரிக்கும் கெடுதல்.

‘என் போன் ஐபி68 ஆச்சே’ (தண்ணி, தூசு தாங்கும் என்ற தரக் குறியீடு) என்பவர்களுக்கு: அதற்கான சோதனை நல்ல தண்ணியில் செய்வது, கடல் தண்ணியில் அல்ல. ஒருமுறை டிஸ்ப்ளே மாற்றியிருந்தால் தண்ணியைத் தடுக்கும் ஒட்டுப்பசை பழையபடி இருக்காது.

கடைக்குப் போனால், “அண்ணே, முதல்ல பேட்டரி கனெக்டரைக் கழட்டிருங்க” என்று சொல்லுங்கள். போர்டை வெளியே எடுத்து, சிப்புகளின் மேல் உள்ள தகர மூடியையும் பார்த்து, 99 சதவீத ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) ஊற்றிப் பிரஷ்ஷால் கழுவ வேண்டும். வெறும் ஹாட் ஏர் காட்டிக் கொடுத்தால் வேலை முடியவில்லை. கனெக்டர் ஊசிகளில் வெள்ளைப் பொடியோ பாசி மாதிரிப் பச்சையோ இருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. கடல் தண்ணி என்றால் அன்றைக்கே கொடுங்கள். ‘நல்லாத்தானே ஓடுது’ என்று விட்டால், பத்து நாள் கழித்துச் சார்ஜ் ஏறாது.

மறுபடி உயிர் வந்ததா? முதலில் போட்டோக்களையும் வாட்ஸப்பையும் பேக்கப் எடுங்கள். ‘ஈரம் உள்ளது’ என்று எச்சரிக்கை வந்தால் அன்று சார்ஜ் வேண்டாம். பின்பக்கம் உப்பி எழும்பினால் சார்ஜரை எடுத்துவிட்டு, ஆஃப் செய்து, மெத்தை, துணிமணியிலிருந்து தள்ளி வைத்து, பேட்டரியை மாற்றக் கொண்டுபோங்கள். அதை அமுக்கிப் பார்க்காதீர்கள்.