ஆய்வேட்டில் ஏஐ: கேட்பதற்கு முன்னும் கேட்ட பின்னும்

சேலத்தில் முதுகலை நிலவியல் படிக்கும் ஒரு மாணவி, சேர்வராயன் மலையடிவாரத்தில் வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், எவ்வாறு உருவானது என்பதைத் தம் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று கொள்வோம். சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவிகளை அவர் தாராளமாகப் பயன்படுத்தலாம். எந்தக் கட்டத்தில், எதற்காக என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் இரண்டு மூன்று கட்டுரைகளைத் தாமே படித்து, புரிந்ததையும் புரியாததையும் ஒரு பக்க அளவில் எழுதிவிட வேண்டும். அதன் பிறகு அந்தப் பக்கத்தைக் கருவியிடம் கொடுத்து, “டூனைட் பாறை மேக்னசைட்டாக மாறுவதை நான் விளக்கியதில் எந்தப் படி விடுபட்டிருக்கிறது? புறத்தேர்வாளர் இதில் என்னென்ன கேட்பார்?” என்று வினவலாம். மாற்றத்துக்குத் தேவையான கார்பன் டை ஆக்சைடு எங்கிருந்து வந்தது என்று அது திருப்பிக் கேட்டால், அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பது தெளிவாகும். ஆய்வேட்டையே எழுதித் தரச் சொன்னால் இந்தப் பயன் கிடைக்காது. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்விக்கே திணற நேரும்.

மேற்கோள்களில்தான் மிகுந்த விழிப்பு தேவை. இக்கருவிகளின் அடிப்படை வேலை, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுவதே என்பதால், இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் பொருத்தமாக அமைத்துத் தந்துவிடும். சேர்வராயன் மலை உள்ளிட்ட இடங்களில் காணப்படும் சார்னகைட் என்னும் பாறை பற்றி நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1900இல் வெளியிட்ட விரிவான ஆய்வு உண்மையில் உள்ளது; ஆனால் அவர் சொல்லாத கருத்தை அவர் பெயரில் கருவி ஏற்றிவிடக்கூடும், அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஆகவே தலைப்பைக் கூகுள் ஸ்காலரிலும், முனைவர் பட்ட ஆய்வேடாயின் ஷோத்கங்கா தளத்திலும் தேடிப் பார்ப்பதோடு நில்லாமல், மூலத்தைத் திறந்து அக்கருத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பின்பே மேற்கோள் காட்ட வேண்டும். பார்க்க முடியாததை விட்டுவிடுவதே நேர்மை.

தமிழில் எழுதுவோர் கலைச்சொற்களையும் சரிபார்க்க வேண்டும். கருவி தானாகப் புனைந்த சொல்லும் வழக்கில் உள்ள சொல் போலவே தோன்றும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்புகள் இதற்கு உதவும்.

சுரங்கத் தொழிலாளர்களிடம் நேர்காணல் எடுத்திருந்தால் அவர்களுடைய பெயர், உடல்நலம், கூலி பற்றிய விவரங்களை எந்தக் கருவியிலும் பதிவேற்றக் கூடாது. அவர்கள் நம்பிச் சொன்னது மாணவியிடம் மட்டுமே.

தொடங்கும்போதே நெறியாளரிடம் துறையின் விதி என்னவென்று கேட்டுக்கொள்வது நல்லது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் பிறர் எழுத்தோடு பத்து விழுக்காடு வரை இருக்கும் ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கிவிட்டது என்பதால் ஏஐ எழுதிய பத்தி தம்முடையதாகிவிடாது. எந்தக் கருவி, எந்த மாதத்தில், எந்தப் பகுதிக்கு, எதற்காகப் பயன்பட்டது என்பதை ஆய்வு முறை இயலில் எழுதி, உரையாடல்களின் படியையும் தேர்வு முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.